புதுப்பிப்பு: ஐயாவின் எண்பதாம் கல்யாண வீடியோ

காரைக்குடி வீட்டில் நடந்த ஐயாவின் எண்பதாம் கல்யாணத்தைத் தம்பி போனில் எடுத்திருந்தான். படம் மஞ்சளாக இருக்கிறது, பேச்சே கேட்கவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். இப்போது உட்கார்ந்து பார்க்கும்படி வந்துவிட்டது.

நிறம் சுலபம். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ திருத்தும் மென்பொருளில், வளவுத் (வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) தூணுக்குப் பின்னால் தெரியும் சுண்ணாம்புச் சுவரை வெள்ளைக்கு அளவாக வைத்தேன். மஞ்சள் இறங்கியது, அப்பத்தாவின் அரக்குக் கண்டாங்கி அரக்காகவே தெரிகிறது. முற்றத்து வெயிலில் வெளுத்துப்போன இடம் மட்டும் மீளவில்லை. பதிவாகாததை எந்த மென்பொருளும் கொண்டுவராது.

பாடாய்ப் படுத்தியது ஒலிதான். 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரத்தையும் அதன் மடங்கான 100-ஐயும் தனியாக வெட்டினேன். ஆத்தங்குடிக் கல் தரையில் எதிரொலி வேறு. இரைச்சல் நீக்கியை முழுசாக ஏற்றினால் குரல் தகரமாகிவிடுகிறது, பாதியிலேயே நிறுத்தினேன். அப்புறம், போகப்போக உதடும் குரலும் விலகின. போன் சீரற்ற ஃபிரேம் வேகத்தில், அதாவது நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு மாறிக்கொண்டே இருக்கும்படி, பதிந்ததுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நொடிக்கு 30 ஃபிரேம் என நிலையாக மாற்றியதும் சரியானது.

திருநீறு பூசும்போது ஐயா மெதுவாக, "நல்லா இரு ஆத்தா" என்று பேத்தியிடம் சொல்வது இப்போது தெளிவாகக் கேட்கிறது. அப்பத்தா அதை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னார்கள்.