இந்தியா, வங்கதேசம் மருத்துவச் செலவு ஒப்பீடு: எந்த எண்ணை எடுப்பது?

காட்பாடி_எம்ஏ: பொருளியல் புராஜெக்டுக்கு இரண்டு நாட்டு மக்கள்தொகையையும் மருத்துவச் செலவையும் ஒப்பிடுகிறேன். மூன்று இடத்தில் முட்டுகிறது. 2021-22இல் செலவு ஜிடிபியில் 3.83% என்கிறது நம் தேசிய சுகாதாரக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அதைவிடக் குறைவாக வருகிறது. முதியோர் (60+) இந்தியாவில் 8.6%, அங்கே 9.3%, அங்கேதான் வயதானவர்கள் அதிகமா? வேலூர் காந்தி ரோடு லாட்ஜில் தங்கி சிஎம்சி ஆஸ்பத்திரியில் காட்டும் டாக்காக்காரர் கட்டும் பில் எந்த நாட்டுக் கணக்கில் சேரும்?

பேரேடு: முதல் கேள்விக்கு: 3.83இல் கட்டடம், மெஷின் வாங்கிய மூலதனச் செலவும் உண்டு. மொத்தம் 9,04,461 கோடி. அதில் நடப்புச் செலவு (அந்த வருஷம் சிகிச்சை, மருந்து போன்றவற்றுக்கு ஆனது) 7,89,760 கோடி, அதாவது 87.3%. உலக சுகாதார நிறுவனம் நடப்புச் செலவை மட்டும்தான் எடுக்கும். 3.83ஐ 0.873ஆல் பெருக்கிப் பாருங்கள், 3.34 வரும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். கைக்காசுச் செலவு (வீட்டார் தங்கள் பையிலிருந்து நேரடியாகக் கட்டுவது) 39.4% என்று பேப்பரில் வருவது மொத்தச் செலவில் பங்கு. நடப்புச் செலவில் பங்காக எடுத்தால் அதே பணம் 45.1% ஆகிவிடும். வங்கதேசக் கணக்கு 2020க்குக் கைக்காசு 68.5%, அரசு 23.1% என்கிறது. அந்த அறிக்கையில் மூலதனம் எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, 39.4ஐ வைப்பதா 45.1ஐ வைப்பதா என்று முடிவு செய்யுங்கள். எதை வைத்தாலும் இடைவெளி பெரிதுதான், ஆனால் அளவு மாறும்.

பாலாற்றங்கரை: முதியோர் விஷயத்தில் ஆண்டைக் கவனிக்கவில்லை தம்பி. 8.6 என்பது 2011 சென்சஸ், 9.3 அவர்களுடைய 2022 சென்சஸ். நடுவில் 11 வருஷம். 2021க்கு நம் அரசின் கணிப்பு 10.1%. ஆக, இந்தியாதான் சற்று மூப்பு.

வயது எவ்வளவு விளக்கும் என்று ஒரு பரிசோதனை. 60க்குக் கீழே தலைக்கு 1 ரூபாய், மேலே 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உதாரணத்துக்குத்தான்). இந்தியா: 0.899×1 + 0.101×3 = 1.202. வங்கதேசம்: 0.907×1 + 0.093×3 = 1.186. வித்தியாசம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. செலவு வித்தியாசத்துக்கு வயதைக் காரணம் காட்டி ஒரு பக்கம் எழுதிவிடாதீர்கள். யார் கட்டுகிறார்கள் என்பதில் நேரத்தைப் போடுங்கள்.

பேரேடு: மூன்றாவதற்கு வருகிறேன். கணக்கு, செலவழிப்பவர் வசிக்கும் நாட்டைப் பார்த்துதான். ஆஸ்பத்திரி நிற்கும் ஊரைப் பார்த்து அல்ல. டாக்காக்காரர் பில் வங்கதேசத்தின் சுகாதாரச் செலவு, நமக்கு அது சேவை ஏற்றுமதி. நம் ஜிடிபியில் சேரும், சுகாதாரச் செலவில் சேராது. லாட்ஜ் வாடகை, பெங்காலி மெஸ் சாப்பாடு, ரயில் டிக்கெட் எதுவும் மருத்துவச் செலவே அல்ல. "வைத்தியத்துக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால் வீட்டார் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்வார்கள், சர்வே எண்ணை எடுத்தால் கேள்வித்தாளையும் ஒருமுறை படியுங்கள்.

காட்பாடி_எம்ஏ: நன்றி சார். வேலூருக்குத் தனியாகத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கலாமா? மாவட்ட மக்கள்தொகை 39.36 லட்சத்தால் வகுத்தால் போதுமா?

பாலாற்றங்கரை: வேண்டாம். அது 2011இன் பழைய வேலூர் மாவட்டம். 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்துவிட்டன. மேலும் இங்கே வரும் நோயாளிகளில் கொல்கத்தாக்காரர், ராஞ்சிக்காரர் எத்தனை பேர்! மேலே வெளியூர்ப் பணம், கீழே உள்ளூர் ஜனம். அந்த வகுத்தலுக்கு அர்த்தமே இல்லை.

பேரேடு: இன்னொன்று. நம் நிதியாண்டு ஏப்ரல்–மார்ச், அவர்களுடையது ஜூலை–ஜூன். பட்ஜெட் எண் எடுத்தால் மூன்று மாதம் தள்ளி நிற்கும். தலைக்குச் செலவை டாலரில் மாற்றாமல் வாங்கும் திறன் சமநிலையில் (இரு நாட்டு விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்த மாற்று விகிதம்) எடுங்கள். டாலரில் எடுத்தால், வங்கதேச நாணயத்தின் மதிப்பு இறங்கிய வருஷம் வைத்தியமே குறைந்ததுபோல் காட்டும்.