கர்ப்பம்னு தெரியாம டிரமடால் போட்டுட்டேன், குழந்தைக்கு பின்னாடி ஏதாச்சும் வருமா?

தூக்கம்போச்சு:
டிஸ்க் வலிக்கு டாக்டர் எழுதிக்குடுத்த டிரமடால் 50 மில்லிகிராம், ராத்திரி மட்டும், ஒம்பது நாள் போட்டேங்க. அப்புறம்தான் நாள் தள்ளிப்போனது உறைச்சு டெஸ்ட் பண்ணா ரெண்டு கோடு. இப்ப 14 வாரம், ஸ்கேன் நார்மல்தான். ஆனா நாத்தனார் ஒரு செய்தி அனுப்பினாங்க, இந்த மாதிரி மாத்திரை போட்டா பிள்ளைக்கு ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிக்காத, ஓயாத துறுதுறுப்பு) வரும்னு. அதுலேர்ந்து மனசே சரியில்ல. யாருக்காச்சும் தெரியுமா?

கணக்குப்புலி:
2024ல தென் கொரியால 30 லட்சம் குழந்தைங்களுக்கு மேல வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, மேலோட்டமா பாத்தா கர்ப்பத்துல ஓபியாய்டு மாத்திரை (டிரமடால் மாதிரி அபின் வகை வலி மாத்திரைங்க) போட்டவங்க குழந்தைங்களுக்கு மனநலம், நரம்பு வளர்ச்சி பிரச்சனை 7 சதவீதம் கூட இருந்துச்சு. உடனே நூத்துல ஏழு பேருக்கு வரும்னு கணக்கு போடாதீங்க, ஏற்கனவே இருக்கற வாய்ப்புல அவ்ளோ கூடுச்சுன்னுதான் அர்த்தம். அதுலயும் ஒரே அம்மாவோட ரெண்டு பிள்ளைங்க, ஒருத்தர் வயித்துல இருக்கும்போது மாத்திரை போட்டது, இன்னொருத்தருக்கு போடாததுன்னு ஒப்பிட்டா அந்த வித்தியாசமே காணோம். அப்ப எல்லாம் மாத்திரையாலதான்னு சொல்ல முடியாது, அந்த வீட்டு மரபு, அம்மாவோட வலி, மன அழுத்தம் இதுவும் காரணமா இருக்கலாம். ஆனா மறைக்கல, முதல் மூணு மாசத்துல போட்டவங்களுக்கு லேசா கூடுச்சு, 60 நாளும் அதுக்கு மேலயும் போட்டவங்களுக்கு நல்லாவே கூடுச்சு. உங்களோடது ஒம்பது நாள்.

நைட்டுட்யூட்டி:
பச்சக்குழந்தை ஐசியூல நர்ஸ் நான். நாங்க பயப்படறது மாசக்கணக்கா எடுத்தவங்க குழந்தைங்களுக்குத்தான், பொறந்ததும் அந்த மருந்து திடீர்னு நின்னுபோறதால வர்ற பிரச்சனை அது. பொறந்து ரெண்டு மூணு நாள்ல ஆரம்பிக்கும், தாடை நடுங்கும், தும்மலா தும்மும், கைய கைய சூப்பும் ஆனா மார்ல வச்சா பிடிக்கத் தெரியாது, அந்த அழுகை சத்தம் தனியா கீச்சுன்னு இருக்கும். லைட்ட குறைச்சு, துணில சுத்தி, அம்மா நெஞ்சோட படுக்க வச்சாலே நிறைய குழந்தைங்க மருந்தே இல்லாம சரியாயிடும். நீங்க ஆரம்பத்துல ஒம்பது நாள் போட்டு விட்டுட்டதால இது உங்களுக்கு வராதுமா. ஃபைல்ல மட்டும் எழுதச் சொல்லுங்க. பால் குடுக்கற காலத்துல டிரமடால், கோடீன் (இதுவும் ஓபியாய்டுதான்) வேண்டாம், 2017லயே அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிச்சாச்சு.

மெதுவாநட:
இத வேற யாராச்சும் படிச்சா ஒண்ணு சொல்லிடறேன், நான் கர்ப்பம் முழுக்க புப்ரினார்ஃபின்ல (ஓபியாய்டு பழக்கத்துக்கு டாக்டர் குடுக்கற சிகிச்சை மருந்து) இருந்தவ. ஓபியாய்டு பழக்கமாயிட்டவங்க பயந்துபோய் ஒரே நாள்ல நிறுத்திடாதீங்க, அது உங்களுக்கும் வயித்துல இருக்கறதுக்கும் ஆபத்து, திரும்ப பழையதுல போய் விழறதுதான் அதவிட பெரிய ஆபத்து. டாக்டர்கிட்ட மறைக்காம சொன்னா புப்ரினார்ஃபினோ மெத்தடோனோ தருவாங்க. என் பையனுக்கு இப்ப நாலு வயசு, வாய் ஓயாது.

தூக்கம்போச்சு:
அழுதுட்டேன் சிஸ். ஒண்ணே ஒண்ணு, முதுகுவலி திரும்ப வந்தா என்ன போடறது?

நைட்டுட்யூட்டி:
டாக்டர்கிட்ட கேட்டு பாரசிட்டமால், பிசியோ, வெந்நீர் ஒத்தடம். இபுப்ரோஃபென நீங்களா தொடாதீங்க, 20 வாரத்துக்கு மேல குழந்தையோட கிட்னிய பாதிக்கும், பனிக்குட நீர் குறையும்.