புதுப்பிப்பு: தைபேயில் சைவச் சாப்பாடும் குப்பை வண்டியும்

தைவானின் தலைநகரான தைபேக்குப் படிக்க வந்த புதிதில், சைவச் சாப்பாடு கிடைக்காமல் ரொட்டியும் வாழைப்பழமுமாக நாள்களைக் கழிப்பதாக முன்பு எழுதியிருந்தேன். அந்தக் கவலை தீர்ந்தது. சைவத்தைக் குறிக்கும் 'ஸு' என்ற சீன எழுத்தையோ, பௌத்த மரபின் சுவத்திகக் குறியையோ பலகையில் தாங்கிய கடைகள் விடுதியைச் சுற்றியே இருந்தன. சீன எழுத்தறியாத நான்தான் தினமும் அவற்றைக் கடந்து போயிருக்கிறேன். பல கடைகளில், நாமே தட்டில் எடுத்துக்கொள்ளும் உணவை எடைபோட்டு விலை சொல்கிறார்கள். பௌத்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் விலக்கு என்பதால் சுவை சற்று மந்தம்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய் கைகொடுக்கிறது.

குப்பைதான் இன்னும் பெரும்பாடு. நகராட்சியின் கட்டணப் பையில் கட்டி, இசை ஒலித்தபடி வரும் வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் நாமே கொண்டுபோய்ப் போடவேண்டும். புதனும் ஞாயிறும் வண்டி வராது என்பதை மறந்து, சென்ற வாரம் பையோடு தெருவில் அரைமணி நேரம் நின்றேன்.