34 இன்ச் கர்வ்டு அல்ட்ராவைடு: கேமுக்கும் படத்துக்கும் சரிவருமா?

வாசல்படி:
35,000 ரூபாய்க்குள்ள ஒரு 34 இன்ச் கர்வ்டு அல்ட்ராவைடு (அகலமான 21:9) மானிட்டர் பாத்து வச்சிருக்கேன். 3440×1440, விஏ பேனல் (கருப்பு ஆழமாத் தெரியுற எல்சிடி வகை), 165 ஹெர்ட்ஸ், 1500ஆர் வளைவு (1500 மி.மீ. ஆரம்). கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. பிஎஸ்5-ம் இதுலயே மாட்டணும், ராத்திரி படமும் இதுலதான். டேபிள் ஆழம் 60 செ.மீ. எதை வச்சு முடிவு பண்றது? ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள என்ன செக் பண்ணணும்?

பிக்சல்பாண்டி:
முதல்ல அளவு. 34 இன்ச்னு கேட்டா பெருசாத் தோணும், ஆனா உயரம் 27 இன்ச் சாதா மானிட்டர் அளவுதான், சுமார் 33.5 செ.மீ. அகலம் மட்டும் 80 செ.மீ. 32 இன்ச்ல இருந்து இதுக்கு மாறுறவங்களுக்கு "குட்டையா இருக்கே"ன்னு தோணும்.

வளைவு வெறும் ஷோ இல்ல. 75 செ.மீ. தள்ளி உக்காந்தா, தட்டை ஸ்கிரீன்ல ஓரம் உங்க கண்ணுல இருந்து 85 செ.மீ.ல இருக்கும். 1500ஆர்ல ஓரம் 5 செ.மீ. முன்னாடி வர்றதால அது 80 ஆகுது. விஏ பேனல்ல பக்கவாட்டுல பாத்தா கலர் வெளுக்கும், அதனால இந்த 5 செ.மீ. முக்கியம். 1000ஆர் இன்னும் அதிகமா வளைஞ்சது, கேமுக்கு நல்லா இருக்கும், ஆனா எக்செல்லோ வரைபடமோ வச்சு வேலை பாக்குறவங்களுக்கு நேர்கோடு வளைஞ்சு தெரிஞ்சு எரிச்சலாகும். 1500 நடுத்தரம், எடுக்கலாம்.

உங்க டேபிள்தான் இடிக்குது. கூட வர்ற ஸ்டாண்டு காலே 25 செ.மீ. வரை முழுங்கும். மானிட்டர் ஆர்ம் போட்டு சுவரோட ஒட்டி வையுங்க. வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கம் ஆர்ம் மாட்டுற 100×100 மி.மீ. வீசா ஓட்டை இருக்கா, ஸ்டாண்டு இல்லாம எடை எவ்ளோன்னு பாருங்க. ஆர்மோட தாங்கும் எடை அதைவிடக் கூட இருக்கணும்.

கார்டு: 2560×1440-ஐவிட 34% பிக்சல் அதிகம். 3060-ல புது கேம்கள ஹை செட்டிங்ல டிஎல்எஸ்எஸ் (கம்மி பிக்சல்ல வரைஞ்சு ஏஐ வச்சுப் பெருசாக்குற வசதி) இல்லாம ஓட்ட நினைக்காதீங்க. அதைக் குவாலிட்டி மோடுல வச்சா உள்ளுக்குள்ள 2293×960-தான் வரையும், அது இந்தக் கார்டு தாங்குற அளவு.

இருள்வால்:
விஏ-ன்னா முதல்ல பாக்க வேண்டியது ஸ்மியரிங். கருப்புல இருந்து அடர் சாம்பலுக்கு மாற இந்த பேனல் ரொம்ப நேரம் எடுக்கும். மத்த நிறமாற்றமெல்லாம் வேகமாத்தான் இருக்கும். அதனால பகல் காட்சி பளிச்னு ஓடும், குகைக்குள்ள கேமராவத் திருப்பினா மட்டும் நிழலுக்குப் பின்னாடி வால் இழுக்கும். பெட்டியில போட்டிருக்கிற "1 எம்எஸ்" இதைப் பத்திப் பேசவே பேசாது. பெரும்பாலும் அது பேக்லைட்ட அணைச்சு அணைச்சுப் போட்டு எடுத்த எம்பிஆர்டி (அசையுற படம் எவ்ளோ மங்குதுங்கிற) கணக்கு. அந்த மோட ஆன் பண்ணா வெளிச்சம் குறையும், பல மாடல்ல ஃப்ரீசிங்கும் (FreeSync, கேமோட ஃப்ரேமுக்கு ஏத்தபடி ஸ்கிரீன் வேகம் மாறுற வசதி) போயிடும்.

செக் பண்ற வழி: யூடியூப்ப டார்க் தீம்ல வச்சு கமென்ட் பகுதிய மெதுவா ஸ்க்ரோல் பண்ணுங்க. எழுத்தோட ஓரம் மங்கி, லேசா ஊதா தட்டுச்சுன்னா அதான் ஸ்மியர். அப்புறம் மானிட்டர் மெனுல ஓவர்டிரைவ (பிக்சல் மாறுற வேகத்தக் கூட்டுற செட்டிங்) ஒவ்வொரு படியா ஏத்திப் பாருங்க. உச்சத்துல வச்சா எழுத்துக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு நிழல் வரும், அது இன்னும் மோசம். நடுப்படி போதும். 165-ல பாத்துட்டு விட்றாதீங்க, 60-லயும் பாருங்க. ஓவர்டிரைவ் அளவு மாறாத மானிட்டர்ல ஃப்ரேம் குறையும்போது அந்த வெள்ளை நிழல் திரும்ப வரும்.

இன்னொண்ணு ஃபிளிக்கர். ஃப்ரீசிங் வரம்பு 48-165னா, கேம் 48-க்குக் கீழ போயிட்டு மேல வரும்போது ஸ்கிரீன் வெளிச்சம் துடிக்கும். லோடிங் ஸ்கிரீன்ல நல்லாத் தெரியும். செட்டிங்கக் குறைச்சு 60-க்கு மேலயே ஓட்டுங்க, இல்லன்னா அந்த கேமுக்கு மட்டும் ஃப்ரீசிங்க ஆஃப் பண்ணுங்க.

டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 ஸ்டிக்கருக்குத் தனியா காசு குடுக்காதீங்க. லோக்கல் டிம்மிங் (இருட்டான பகுதியில மட்டும் பேக்லைட்டக் குறைக்கிறது) இல்லாம அது பேருக்குத்தான்.

வாசல்படி:
நன்றி அண்ணா. எச்டிஎம்ஐ கேபிள் வீட்ல இருக்கு, அதுவே போதுமா? படத்துக்கு கருப்புப் பட்டை வருமா?

ஸ்கோப்பிரியன்:
மானிட்டர் எச்டிஎம்ஐ 2.0-ன்னா 3440×1440-ல 100 ஹெர்ட்ஸோட நின்னுடும். பிசிக்கு டிஸ்ப்ளேபோர்ட் 1.4, 2 மீட்டருக்குள்ள சான்றளிச்ச கேபிள். நீள மலிவுக் கேபிள்ல ஸ்கிரீன் நடுநடுவுல ஒரு நொடி கருப்பாகும், ஜனம் மானிட்டரத்தான் குத்தம் சொல்லும். மாட்டினதும் விண்டோஸ்ல அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல போய் 165-ஐ நீங்களே தேர்ந்தெடுக்கணும்.

படம்: இந்த ஸ்கிரீனோட விகிதம் 2.39, நம்ம சினிமாஸ்கோப் படங்களுக்கு அளவெடுத்த மாதிரி. சிக்கல் என்னன்னா, நிறைய வீடியோ ஃபைல்ல மேல கீழ பட்டைய 16:9-க்குள்ளயே சேத்து வச்சிருப்பாங்க. அப்போ நாலு பக்கமும் கருப்பு, நடுவுல படம் வெறும் 25 இன்ச்சுக்குத்தான் தெரியும். விஎல்சி-ல சி பட்டனத் தட்டிக்கிட்டே போனா க்ராப் 2.39-க்கு வரும், ஸ்கிரீன் முழுக்க நிறையும். பிரவுசருக்கு அல்ட்ராவைடு எக்ஸ்டென்ஷன் இருக்கு. 1080பி படம்னா பட்டை போக மிஞ்சுறது 1920×804-தான், அதை இவ்ளோ இழுத்தா கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். சீரியல், யூடியூப் எல்லாம் 16:9, ரெண்டு பக்கமும் 10 செ.மீ. காலி. விஏ-ங்கிறதால ராத்திரி லைட் அணைச்சுப் பாத்தாலும் அந்தக் காலி உறுத்தாது, இதே ஐபிஎஸ் (இன்னொரு எல்சிடி வகை) பேனல்னா மூலையில வெளுப்பு அடிக்கும்.

பிஎஸ்5 21:9 தராது. 2022 செப்டம்பர் அப்டேட்ல 1440பி வந்துச்சு, ஆனா சில அல்ட்ராவைடுகள் எச்டிஎம்ஐ வழியா அதை ஏத்துக்காம 1080பி-க்கு இறங்கும். செட்டிங்ஸ்ல 1440பி டெஸ்ட் இருக்கு, முதல் நாளே ஓட்டுங்க. எச்டிஎம்ஐ 2.1 விஆர்ஆர் (ஃப்ரீசிங் மாதிரியே ஸ்கிரீன் வேகம் மாறுற வசதி) இல்லாத மானிட்டர்ல பிஎஸ்5-க்கு விஆர்ஆர் கிடைக்காது, ஃப்ரீசிங் மட்டும் இருந்தா அதை பிஎஸ்5 கண்டுக்காது. மானிட்டர் மெனுல ஆஸ்பெக்ட்ட ஒரிஜினலுக்கு மாத்துங்க, இல்லன்னா எல்லாரும் குண்டாத் தெரிவாங்க.

பிக்சல்பாண்டி:
கேமும் எல்லாம் 21:9 தராது. எல்டன் ரிங் பட்டையோடதான் வரும், 60 ஃப்ரேமுக்கு மேலயும் போகாது. சைபர்பங்க் 2077 முழுசா நிறையும். வாங்குறதுக்கு முன்னாடி நீங்க ஆடுற கேமெல்லாம் பிசிகேமிங்விக்கி சைட்ல ஒவ்வொண்ணா தேடிப் பாருங்க.

பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்க. ஸ்டாண்டு மாட்டும்போது பேனல் தெர்மாகோல்லயே கிடக்கட்டும், வளைஞ்ச ஸ்கிரீனத் தட்டை டேபிள்ல கவுத்து அமுக்கினா நடுவுல விரிசல் விடும். முதல்ல சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கருப்புன்னு முழு ஸ்கிரீன்ல போட்டு செத்த புள்ளி (டெட் பிக்சல்) தேடுங்க. சில கம்பெனி ஒண்ணு ரெண்டு புள்ளிக்கு வாரண்டி தராது, அதனால ரிட்டர்ன் தேதிக்குள்ளயே முடிவெடுத்துடுங்க.