கைக்காசு 23,400 ரூபாயும் போனஸும் நிற்கிறது, எப்படி வாங்குவது?

தண்டையார்பேட்டைக்காரன்:
வணக்கம். மண்ணடியில், துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நாலு வருடம் ஃபீல்டு வேலை பார்த்தேன். சம்பளம் 18,000. காலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ், மதியம் மணலி, ராத்திரி எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் காத்துக்கிடப்பேன். பெட்ரோல், எடைமேடை, ஜெராக்ஸ் எல்லாம் கைக்காசு. மாதக் கடைசியில் வவுச்சர் எழுதிக் கொடுத்தால் வந்துவிடும். 2025 ஏப்ரலில் இருந்து "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றே ஓட்டினார்கள். ஆகஸ்டில் வேலையை விட்டேன். 23,400 ரூபாய் நிற்கிறது. 2024-25 போனஸும் இல்லை. "தீபாவளிக்கு ரோலில் இருந்தால்தான் போனஸ்" என்கிறார் அக்கவுன்டன்ட். பில்லையெல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். நேற்று எடுத்தால் பாதி பெட்ரோல் பில் வெள்ளைத்தாளாகிவிட்டது. தங்கையின் காலேஜ் ஃபீஸுக்கு ஒதுக்கிய பணத்தைத்தான் அதில் போட்டேன். வழி சொல்லுங்கள்.

திருவொற்றியூர் அண்ணன்:
தம்பி, முதலில் பில். அது தெர்மல் பேப்பர். சூட்டிலும் பிளாஸ்டிக் கவரிலும் எழுத்து மங்கிவிடும். தெரிகிற மட்டும் இன்றைக்கே போட்டோ எடுங்கள். வெளுத்துப் போனதற்கு யுபிஐயில் கட்டியிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட் போதும். மேனேஜர் "நீ போட்டுடு, ஆபீஸ்ல வாங்கிக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை அழிக்காமல் வேறிடத்திலும் சேமியுங்கள். பணம் கைக்கு வராமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அக்கவுன்டன்ட் சொல்வது தப்பு. 1965-ஆம் வருடத்துப் போனஸ் சட்டப்படி, 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடம், சம்பளம் 21,000க்குள், அந்த வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தால் குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். வேலையை விட்டதால் அது போகாது. 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்சக் கூலி, எது அதிகமோ அதில் கணக்குப் போடுவார்கள். 7,000 என்றே வைத்தாலும் வருடத்துக்கு ஏறக்குறைய 7,000 வரும். கணக்கு வருடம் முடிந்து 8 மாதத்துக்குள், அதாவது 2025 நவம்பர் 30க்குள் தந்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள்.

பாரிமுனை குமாஸ்தா:
சேர்த்துக் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வேலைக்காகச் செய்த செலவு, சட்டக் கணக்கில் சம்பளத்துக்குள் வராது. போனஸுக்குத் தொழிலாளர் துறை. செலவுக்கு வக்கீல் நோட்டீஸ், மசியாவிட்டால் சிவில் வழக்கு, அதற்கு மூன்று வருடம் அவகாசம். மனுவில் செலவையும் குறிப்பிடலாம், சமரசப் பேச்சில் சேர்த்து முடிய வாய்ப்பு உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

போனஸ் மனுவுக்கு அந்தப் பழைய 1965 சட்டத்தில் ஒரு வருடம்தான் கெடு. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் மூன்று வருடம். எது பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருக்காமல் ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டோம் என்று கம்பெனி சொன்னால், அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். புதிய தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். ஹைகோர்ட் வளாகத்தில் வடக்குக் கோட்டைச் சாலைப் பக்கம் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்கு அடித்தும் கேட்கலாம்.

தண்டையார்பேட்டைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி ஏஜி-டிஎம்எஸ்ஸில் இறங்கி, தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிற தொழிலாளர் துறை ஆபீஸில் போனஸ் மனுவைக் கொடுத்துவிட்டேன். சீல் வைத்த நகல் கையில் இருக்கிறது. செலவுக்கு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் போயிருக்கிறது. 41 பில்லில் 26 தெரிகிறது, 9 யுபிஐயில் கிடைத்தது. மீதி ஆறும் எடைமேடைச் சீட்டு. நாளைக்கு மணலிக்குப் போய், லாரி நம்பரும் தேதியும் சொல்லி நகல் கேட்கப் போகிறேன்.