உப்புநீர்த் தொட்டி: மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, அவசரம்

சின்னத்துடுப்பு
புதிதாக உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, தீனி தொடவில்லை. இன்னொன்று காலையில் செத்துக் கிடந்தது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அதனால் தண்ணீரில் கோளாறு இல்லை. நன்னீர் மீனுக்கு வாங்கிய செம்பு மருந்து கையில் இருக்கிறது, போடலாமா? புதிதாக எதுவும் வாங்கச் சொல்லாதீர்கள், பட்ஜெட் எப்போதோ தாண்டிவிட்டது.

பாசிக்கல்
மருந்து வேண்டாம். தொட்டி எத்தனை லிட்டர்? வைத்து எத்தனை நாள்? என்ன மீன்? மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சை அளந்து பார்த்தீர்களா? உப்பு அளவு என்ன?

நுரைக்குமிழ்
மேலே வந்து மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் குறைவு, அவ்வளவுதான். வெப்பம் கூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், உப்பு கூடினாலும் குறையும். ஏர் பம்ப்பைப் போடுங்கள், மூடியைத் திறந்து வையுங்கள். எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுத்திருக்கிறது.

பழங்கடல்
"தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அதனால் கோளாறு இல்லை." அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது தம்பி. கடல் தொட்டி ஏழை வீட்டுப் பொழுதுபோக்கு இல்லை என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். முதலில் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் மீன் வாங்கலாம்.

பாசிக்கல்
ஐயா, அவர் கேட்டது உதவி. பணம் இல்லாதவன் பொறுமையாகச் செய்தால் நன்றாகவே வரும்.

சின்னத்துடுப்பு
60 லிட்டர். மூன்று வாரம் ஆகிறது. கோமாளி மீன் இரண்டு, இப்போது ஒன்று. காய்ந்த பாறை, மேலே தொங்கவிடும் ஃபில்டர், தண்ணீரைச் சுழலவிடும் சின்ன பவர்ஹெட். உப்பு பாக்கெட்டில் போட்டிருந்தபடி கலந்தேன், அதனால் அளக்கவில்லை. அம்மோனியா கிட் நன்னீர்த் தொட்டிக்கு வாங்கியது இருக்கிறது, இளம்பச்சை காட்டுகிறது.

கோடுமீன்
கிட்டோடு வந்த வண்ண அட்டை எது? சில கிட்டில் நன்னீருக்கு ஓர் அட்டை, உப்புநீருக்கு வேறு அட்டை. மாற்றிப் பார்த்தால் அளவே தப்பாக வரும். எப்படியானாலும் இளம்பச்சை என்றால் அம்மோனியா இருக்கிறது. பாறை காய்ந்தது, பாக்டீரியா இன்னும் பிடித்திருக்காது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருகி நிலைப்பதைத்தான் சைக்கிள் என்கிறோம், அது முடிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன் விட்டது சீக்கிரம். கடல் தண்ணீர் பிஎச் 8-க்கு மேல் இருக்கும், அங்கே அதே அம்மோனியா இன்னும் கடுமையாகக் கடிக்கும்.

நுரைக்குமிழ்
அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டையும் பாருங்கள். அதுதான் ரத்தத்தைக் கெடுக்கும்.

கோடுமீன்
அது நன்னீர்க் கணக்கு. கடல் தண்ணீரில் குளோரைடு ஏராளம், செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதை அது பெரும்பாலும் தடுத்துவிடும். முதல் சந்தேகம் அம்மோனியாதான்.

பாசிக்கல்
எனக்கு உப்பு மேல்தான் சந்தேகம். தொட்டியில் தண்ணீர் குறையும்போது எதை ஊற்றி நிரப்புகிறீர்கள்?

சின்னத்துடுப்பு
உப்பு கலந்த தண்ணீர்தான். தினமும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குறைகிறது. பக்கெட்டில் தயாராக வைத்திருக்கிறேன். மூடி இல்லை, அதனால் சீக்கிரம் வற்றுகிறது.

பாசிக்கல்
பிடித்துவிட்டோம். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டரில் 35 கிராம் உப்பு என்றால் தினமும் அவ்வளவு கூடுகிறது. மூன்று வாரத்தில் 700 கிராம் போல. 60 லிட்டரில் பிரித்தால் லிட்டருக்கு 12 கிராம் அதிகம்! செங்கடலே 40 சொச்சம்தான், நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். உடனே ஒப்படர்த்தியை (உப்பு கூடக் கூட ஏறும் எண், வெறும் தண்ணீருக்கு 1.000) அளந்து பாருங்கள், 1.025 பக்கத்தில் இருக்க வேண்டும். இனி நிரப்ப ஆர்ஓ தண்ணீர் மட்டும், உப்பு இல்லாமல். தொட்டியின் கண்ணாடியில் டேப்பால் ஒரு கோடு ஒட்டுங்கள், அந்தக் கோடு வரை தினமும் நிரப்பினால் போதும்.

பழங்கடல்
ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் கடல் தொட்டி வைப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. மிதப்பை வைத்து உப்பை அளக்கும் மலிவு ஹைட்ரோமீட்டர் பொம்மை.

கோடுமீன்
பொம்மை இல்லை, பழகத் தெரிய வேண்டும். ஊசி ஆடும் பிளாஸ்டிக் வகையில் ஊசியில் குமிழ் ஒட்டிக்கொண்டால் அது மேலே தூக்கி அதிகம் காட்டும். விரலால் நாலு தட்டு தட்டிவிட்டுப் படியுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 உப்பு அளவுள்ள கரைசலால் சரிபார்க்காவிட்டால் அதுவும் பொய்தான் சொல்லும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் விளக்கில் பிடியுங்கள், பவளம் இல்லாத தொட்டிக்குச் சாதாரண விளக்கு போதும். கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் 60 லிட்டருக்குத் தேவையில்லை, தண்ணீர் மாற்றினால் சரி. அளக்கும் கருவியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

அலைக்கரை
உப்பு வாங்குவதே வீண். கடலோரம் இருப்பவர்கள் தண்ணீர் பிடித்து வரலாமே? இலவசம்!

பழங்கடல்
கரையோரத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியுமா? எண்ணெய், சாக்கடை, பூச்சிமருந்து.

அலைக்கரை
ஆற்று வாயிலும் துறைமுகத்திலும் யார் பிடிக்கச் சொன்னார்கள்? மழை பெய்து முடிந்ததும் போக மாட்டோம். கொஞ்சம் உள்ளே தள்ளி எடுத்து, மூடி இருட்டில் சில நாள் வைத்து, ஏர் விட்டுப் பயன்படுத்துகிறேன். உங்கள் பாக்கெட் உப்பும் கடலைப் பார்த்துச் செய்ததுதான்.

பழங்கடல்
பாக்கெட்டில் கால்சியமும் மக்னீசியமும் அளவு மாறாமல் வரும். கடலோரத்தில் ஒரு நாள் ஒரு மாதிரி. அளந்து பார்க்காமல் சொல்லாதீர்கள்.

அலைக்கரை
அளந்துதான் சொல்கிறேன். நீங்கள் கடைசியாகக் கடலைப் பார்த்தது எப்போது?

நுரைக்குமிழ்
இரண்டு பேரும் தனி இழை போடுங்கள். சமையல் உப்பு போடலாமா என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், கூடாது. அதில் இருப்பது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும்.

சின்னத்துடுப்பு
தெரிந்தவரிடம் ஹைட்ரோமீட்டர் வாங்கிப் பார்த்தேன். 1.034. குமிழ் தட்டிவிட்டுத்தான் பார்த்தேன். இப்போதே கால்வாசி தண்ணீரை எடுத்துவிட்டு நன்னீர் ஊற்றிவிடவா?

பாசிக்கல்
ஒரேயடியாக வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் உப்புநீரை எடுங்கள், அதே அளவு ஆர்ஓ தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அளவு நாளுக்கு 0.002 போல இறங்கட்டும். அதிலேயே அம்மோனியாவும் கொஞ்சம் குறையும். குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் போக்கும் மருந்து கட்டாயம். பவர்ஹெட்டை மேல்பரப்பு கலங்கும்படி திருப்பி வையுங்கள். தீனி இரண்டு நாள் நிறுத்துங்கள், மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஃபில்டர் பஞ்சைக் குழாயில் கழுவாதீர்கள். செம்பு மருந்தை அலமாரியிலேயே விடுங்கள், பாறை அதை உறிஞ்சிக்கொண்டால் பின்னாளில் அந்தத் தொட்டியில் இறாலும் நத்தையும் வாழாது.

கோடுமீன்
இறந்த மீனைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டீர்களா? பாறைக்குப் பின்னால் கிடந்தால் அம்மோனியா அங்கிருந்தே வரும்.

சின்னத்துடுப்பு
எடுத்துவிட்டேன். சில நாளாகத் தண்ணீர் மாற்றியதில் இப்போது 1.029. கீழே இறங்கி நீந்துகிறது. அம்மோனியா இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நன்றி.

பாசிக்கல்
நல்லது. அம்மோனியா பூஜ்யம் காட்டும் வரை தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள், அதுவரை இரண்டாவது மீன் வாங்காதீர்கள். உப்பு 1.025 வந்ததும் எழுதுங்கள்.

அலைக்கரை
பழங்கடல், தனி இழை போட்டிருக்கிறேன். கால்சியம் அளவோடு. வாருங்கள்.