பழைய டீசல் எஸ்யூவியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கி மேனுவல் ஏற்றியவங்க, ஊர்ப் பேரைப் போட்டு வழி சொல்லுங்க

தக்கலை
கியர்பாக்ஸை மட்டும் வாங்கிட்டு வேலையைத் தொடங்காதீங்க. அதே இன்ஜின் உள்ள மேனுவல் வண்டி அடிபட்டுக் கிடந்தா மொத்தமா பேசி எடுக்கணும்: பெல் ஹவுசிங் (இன்ஜினும் பாக்ஸும் சேருற கூடு), ஃபிளைவீல், அதோட போல்ட்டு, ஸ்டார்ட்டர், பெடல் செட், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், பாக்ஸைத் தாங்குற கிராஸ் மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்). கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், இந்த நாலும் புதுசுதான் போடணும். 2.2 எம்ஹாக் ஸ்கார்பியோன்னா சாமான் தேடி அலைய வேண்டாம். ஆட்டோமேட்டிக்கும் மேனுவலும் ஒரே இன்ஜினில் வந்தது. மேனுவலே வராத மாடல்னா அந்த ஆசையை விட்டுடுங்க.

மார்த்தாண்டம்
அண்ணன் சொன்னதோட பைலட் பேரிங்கையும் (பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்குறது) சேர்த்துக்கணும். பலர் கோட்டை விடுறது இங்கதான். ஆட்டோமேட்டிக் வண்டியில கிராங்க் முனையில அது இருக்காது. அதில் கிளட்சுக்குப் பதிலா இருக்கிற டார்க் கன்வெர்ட்டருக்கு அது தேவையில்லை. சில கிராங்கில் துளையே சரியா கடைஞ்சிருக்காது. வெர்னியர் வச்சு அளந்துட்டு, பேரிங் உட்காராட்டி லேத்துல வெண்கல புஷ் கடைஞ்சு அடிக்கணும். இல்லாம ஏத்தினா இன்புட் ஷாஃப்ட் ஆடும், கியர் விழாது, கொஞ்ச நாளில் பாக்ஸ் முன் பேரிங் ஊளையிடும்.

ஆட்டோமேட்டிக்கில் ஃபிளைவீலுக்குப் பதிலா இருக்கிற ஃபிளெக்ஸ் பிளேட் மெல்லிசு, அதோட போல்ட்டும் குட்டை. அதையே ஃபிளைவீலுக்குப் போட்டா நாலஞ்சு மரைதான் பிடிக்கும்.

பாக்ஸை ஏத்தும்போது கையாலேயே பெல் ஹவுசிங் இன்ஜினோட ஒட்டணும். விரல்கனம் இடைவெளி நின்னா கிளட்ச் பிளேட் சென்டரில் இல்லைன்னு அர்த்தம். போல்ட்டு போட்டு இழுத்தா ஹவுசிங் காது உடையும், இல்லாட்டி பிளேட் ஹப் வளையும். இறக்கிட்டு மறுபடி சென்டர் பண்ணுங்க. அரை மணி நேரம் போனா போகட்டும்.

குளச்சல்
உப்புக்காத்து ஊரில் பழைய ஸ்லேவ் சிலிண்டரை நம்பாதீங்க. ரப்பர் பூட்டைத் தூக்கிப் பார்த்தா உள்ளே துரு தெரியும். கிளட்ச் லைனில் ஏர் எடுக்க டாட் 4 பிரேக் ஆயில் போதும். கியர் ஆயில் கம்பெனி சொன்ன கிரேடுதான். ஜிஎல்-4 கேட்கிற பாக்ஸில் ஜிஎல்-5 ஊத்தினா அதில் உள்ள கந்தகம், கியர் சுலபமா விழ உதவுற சிங்க்ரோ வளையத்தோட பித்தளையை அரிக்கலாம்.

நாகர்கோவில்
ஸ்பானர் வேலை முடிஞ்சும் வண்டி லிம்ப் மோடில் (பவரைக் குறைச்சு ஓடுற பாதுகாப்பு நிலை) நிற்குதுன்னா வயரிங்கைப் பாருங்க. ஆட்டோமேட்டிக் பாக்ஸோட கம்ப்யூட்டரான டிசியூவைக் கழட்டினதும் ஈசியூ அதைத் தேடும். மேனுவல் ஈசியூ மாட்டி சாவி கோடிங் பண்ணணும், இல்லைன்னா பழைய ஈசியூவில் மேனுவலுக்கான சாஃப்ட்வேர் ஃபைல் ஏத்தணும். பேட்டரியைக் கழட்டிட்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கிற கேன் ஹை, கேன் லோ வயர் ரெண்டுக்கும் நடுவே மீட்டர் வச்சா 60 ஓம் காட்டணும். 120 காட்டினா முனை ரெசிஸ்டர் டிசியூவோட போயிருக்கு, அதைத் தனியா வைக்கணும்.

பார்க் (பி), நியூட்ரலில் (என்) மட்டும் ஸ்டார்ட் ஆக விடுற சுவிட்ச் வயரை வெறுமனே ஷார்ட் பண்றது ஆபத்து; கியரில் இருக்கும்போதே ஸ்டார்ட் ஆகி வண்டி பாயும். அந்த இடத்தில் கிளட்ச் பெடல் சுவிட்சைக் கொடுங்க. சாவி வெளியே வராட்டி லீவர் பி-யில் இல்லாதப்ப சாவியைப் பிடிச்சு வைக்கிற சொலினாய்டு காரணமா இருக்கலாம். ரிவர்ஸ் லைட் வயர் புது பாக்ஸுக்குப் போகணும்.

தக்கலை
டிஃபரன்ஷியல் ரேஷியோவையும் (ஆக்சிலில் உள்ள பல் விகிதம்) பாருங்க மக்கா. ரெண்டு மாடலுக்கும் வேற வேறன்னா, கோதையாறு மலை ஏத்தத்தில் ரெண்டாம் கியர் இழுக்காம போகலாம். வண்டியில் மாற்றம் செய்யறதைப் பத்தி மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கு. டிஎன் 74, 75 எதுவானாலும் ஆர்டிஓவில் கேட்டுட்டு, இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்துட்டுதான் பாக்ஸை இறக்கணும்.